பல பேர் சேர்ந்து புழங்குற ஆப்புக்கு ரிக்வயர்மென்ட் எழுதுறது எப்படி? புதுசா வர்றவங்களுக்கு ஒரு விளக்கம்

"குரூப் அட்மின் யாரை வேணும்னாலும் குரூப்ல சேர்க்கலாம்."

இது ஒரு ரிக்வயர்மென்ட், அதாவது ஆப் என்ன செய்யணும்னு எழுதி வைக்கிற தேவை. படிச்ச உடனே புரியுது, ரெண்டு அர்த்தம் வரல, டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம், டெவலப்பர் கையில குடுத்தா கேள்வியே கேக்காம எழுதிடுவாங்க. நல்ல ரிக்வயர்மென்ட்டுக்கு என்னென்ன லட்சணம்னு பரீட்சையில கேட்டா நாம எழுதுற எல்லாமே இதுல இருக்கு. ஆனா இந்த வரியில ஒரு ஆள் விட்டுப்போயிருக்காங்க, சேர்க்கப்படுற ஆள். அவங்க சம்மதத்தை யாரும் கேக்கல, அவங்க நம்பர் முன்னப்பின்ன தெரியாத நூறு பேருக்கு ஒரே நொடியில தெரிஞ்சுபோச்சு, சரி வேணாம்னு வெளிய வந்தா "இன்னார் வெளியேறிட்டார்"னு குரூப் முழுக்க அறிவிப்பு போச்சு, அந்த சங்கடத்துக்கு பயந்தே எத்தனையோ பேர் பிடிக்காத குரூப்ல மியூட் போட்டுட்டு உள்ளயே கிடந்தாங்க. வாட்ஸ்அப்ல "என்னை யாரு குரூப்ல சேர்க்கலாம்"னு நாமளே முடிவு பண்ற செட்டிங் 2019 ஏப்ரல்லதான் வந்துச்சு. சத்தமில்லாம வெளிய போற வசதி, அதாவது அட்மினுக்கு மட்டும் தெரியுற மாதிரி, அது 2022-ல. ஒரு வரியில விட்டுப்போன ஒரு ஆளுக்காக இத்தனை வருஷம் கழிச்சு திருத்தம் போட வேண்டியிருந்துச்சு.

இந்த மாதிரி ஆள் விட்டுப்போகாம எழுதுறது எப்படின்றதுதான் இந்தக் கட்டுரையோட விஷயம். சோஷியல் கம்ப்யூட்டிங் சிஸ்டத்துக்கான ரிக்வயர்மென்ட்ஸ் இன்ஜினியரிங்னு சொல்லுவாங்க.

முதல்ல அடிப்படை, சுருக்கமா முடிச்சிடுறேன். ரிக்வயர்மென்ட்ஸ் இன்ஜினியரிங்னா ஒரு சிஸ்டம் என்ன செய்யணும், ஏன் செய்யணும், யாருக்காக செய்யணும்னு ப்ரோக்ராம் கோடு எழுத உட்காருறதுக்கு முன்னாடியும், எழுத எழுதவும், எழுதி முடிச்ச பிறகும் கண்டுபிடிச்சு எழுதி வச்சு சரிபார்க்குற வேலை. சம்பந்தப்பட்டவங்ககிட்ட கேட்டு எடுக்குறது, ஒண்ணுக்கொண்ணு முட்டுறதை தீர்க்குறது, தெளிவா எழுதுறது, எழுதினது சரிதானான்னு அவங்ககிட்டயே திரும்பக் காட்டுறது, மாற மாற கணக்கு வச்சுக்கிறதுன்னு அஞ்சு வேலையா பிரிப்பாங்க. இதுக்குன்னே ஐஎஸ்ஓ-ன்ற சர்வதேச அமைப்போட ஸ்டாண்டர்ட் இருக்கு, 29148-ன்னு நம்பர், 2011-ல வந்து 2018-ல புதுப்பிச்சாங்க. என்ன செய்யணும்ன்றது ஃபங்ஷனல் ரிக்வயர்மென்ட், எவ்வளவு வேகமா, எவ்வளவு பாதுகாப்பா, எவ்வளவு நம்பகமா செய்யணும்ன்றது நான்-ஃபங்ஷனல் ரிக்வயர்மென்ட். இதெல்லாம் எல்லா பாடத்துலயும் கிடைக்கும்.

சோஷியல் கம்ப்யூட்டிங்னா ஃபேஸ்புக், எக்ஸ் மட்டும்னு நினைச்சுக்க வேணாம். ஒருத்தர் செய்யுறது இன்னொருத்தர் கண்ணுல படுற, ஒருத்தர் போடுறதை வச்சு இன்னொருத்தர் முடிவெடுக்குற எந்த சிஸ்டமும் இதுல வரும். விக்கிப்பீடியா, கேள்வி பதில் தளங்கள், ரேட்டிங் ரிவ்யூ, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் மாதிரி கூட்டா வரையுற மேப், ஆஃபீஸ்ல எல்லாரும் ஷேர் பண்ற காலண்டர், உதவி கேக்குறவங்களையும் செய்யுறவங்களையும் இணைக்குற ஆப், எல்லாமே. கால்குலேட்டர் ஆப் ஒரு ஆளுக்கு சரியா வேலை செஞ்சா கோடிப் பேருக்கும் சரியா வேலை செய்யும். சோஷியல் சிஸ்டம் அப்படி இல்ல, பத்து பேர் இருக்கும்போது அருமையா இருக்கிற அதே ஃபீச்சர் பத்தாயிரம் பேர் வந்ததும் வேற ஒண்ணா மாறிடும், இத்தனைக்கும் கோடுல ஒரு எழுத்துகூட மாறியிருக்காது.

ஒரு உதாரணத்தை எடுத்து கொஞ்சம் நிதானமா பாப்போம், ஏன்னா இந்த விஷயம் பொதுவா சொன்னா மண்டையில ஏறாது. ரத்தம் தேவைப்படுறவங்களையும் ரத்தம் குடுக்க தயாரா இருக்கிறவங்களையும் இணைக்குற ஆப் ஒண்ணு செய்யுறோம்னு வைங்க. நல்ல எண்ணத்துல நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தா முதல் நாள் எழுதுற ரிக்வயர்மென்ட் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்: ரத்தம் குடுக்குறவர் தன் பேரு, ரத்த வகை, இடம், ஃபோன் நம்பர் குடுத்து பதிவு பண்ணலாம், தேவைப்படுறவர் வகையும் இடமும் போட்டு தேடலாம், லிஸ்ட்ல வர்ற நம்பருக்கு கூப்பிடலாம். மூணே வரி. மூணையும் அச்சு பிசகாம கட்டியாச்சுன்னு வைங்க, டெஸ்ட் கேஸ் எல்லாம் பாஸ்.

இப்ப ஆட்கள் உள்ள வர்றாங்க. தேடுற எல்லாருக்கும் நம்பர் தெரியுதுன்னா, ரத்தமே தேவைப்படாதவங்களுக்கும் தெரியும். பதிவு பண்ணின பெண்களுக்கு கண்ட நேரத்துல கண்ட கால் வர ஆரம்பிக்கும், ரெண்டு தடவை வந்தா பேரை எடுத்துட்டு போயிடுவாங்க, திரும்ப வரமாட்டாங்க. ஓ நெகட்டிவ் இருக்கிறவங்க ரொம்ப கம்மி, அவசரத்துல யாருக்கு வேணும்னாலும் அந்த சிவப்பணுவை ஏத்தலாம்ன்றதால எல்லா பாரமும் அந்த கொஞ்சப் பேர் தலையில விழும். போன வாரம் ரத்தம் குடுத்தவர் இந்த வாரமும் லிஸ்ட்ல இருப்பார், ஒரு தடவை குடுத்தா குறிப்பிட்ட காலம் இடைவெளி விடணும்னு ஆப்புக்கு யாரும் சொல்லித் தரல. தேவைப்படுறவங்களோ பதட்டத்துல இருப்பாங்க, ஒருத்தரை மட்டும் கூப்பிட்டுட்டு உக்கார மாட்டாங்க, லிஸ்ட்ல இருக்கிற அத்தனை பேரையும் கூப்பிடுவாங்க, அது நியாயமும்கூட. ஒரு யூனிட் தேவைப்படுற இடத்துக்கு அஞ்சு பேர் வேலையை விட்டுட்டு வந்து நிப்பாங்க, நாலு பேரை திருப்பி அனுப்புவாங்க, அந்த நாலு பேர் அடுத்த தடவை ஃபோன் எடுக்க யோசிப்பாங்க. இங்க யாரும் தப்பு பண்ணல, அவங்கவங்க நிலைமையில அவங்கவங்க சரியாத்தான் நடந்துக்கிட்டாங்க, ஆனா ஆப் தன்கிட்ட இருக்கிற ஒரே சொத்தான நல்ல மனசுக்காரங்களை நாளுக்கு நாள் தீர்த்துக்கிட்டு இருக்கு.

இன்னொண்ணு, இது ரொம்ப வலிக்குற விஷயம். கோரிக்கையை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து யாரோ வெளிய ஃபார்வர்டு பண்ணுவாங்க. அது படம், அதுக்கு தேதியும் இருக்காது முடிவும் இருக்காது. ரத்தம் கிடைச்சு நோயாளி வீடு திரும்பின பிறகும் அந்த நம்பருக்கு கால் வந்துக்கிட்டே இருக்கும், சில சமயம் நோயாளி இறந்து மாசக்கணக்கா ஆன பிறகும். "இன்னும் ரத்தம் வேணுமா?"ன்னு உதவி பண்ற மனசோட ஒருத்தர் கேக்குறார், எதிர்முனையில இருக்கிறவங்க நிலைமையை நினைச்சுப் பாருங்க. அந்த குடும்பம் நம்ம ஆப்போட யூசரே இல்ல இப்ப. ஆனா நம்ம ரிக்வயர்மென்ட்ல விட்டுப்போன ஒரு வரியோட விளைவை அனுபவிக்கிறது அவங்கதான்.

இதையே திருத்தி எழுதுவோம். குடுக்குறவர் "வர்றேன்"னு சொல்ற வரைக்கும் அவர் நம்பர் யாருக்கும் தெரியக்கூடாது. கோரிக்கை ஒரே நேரத்துல எல்லாருக்கும் போகாம முதல்ல சில பேருக்கு போகணும், யாரும் வரலைன்னா அடுத்த சில பேருக்கு. தேவைக்கு ஆள் கிடைச்சதும் மத்தவங்களுக்கு "போதும், ஆள் கிடைச்சாச்சு, நன்றி"ன்னு போகணும். ரத்தம் குடுத்தவர் இடைவெளி முடியுற வரைக்கும் தேடல்ல வரக்கூடாது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் காலாவதி நேரம் இருக்கணும், நீட்டிக்கணும்னா கேட்டவர்தான் நீட்டிக்கணும். ஷேர் பண்ணினா படமா போகாம லிங்க்கா போகணும், அந்த லிங்க்கை எப்ப திறந்தாலும் இப்பத்த நிலவரம் தெரியணும், முடிஞ்சுபோன கோரிக்கைன்னா நம்பர் காட்டவே கூடாது. ஸ்க்ரீன்ஷாட் எடுக்குறதை முழுசா தடுக்க முடியாதுதான், ஆனா கோரிக்கைப் பக்கத்துலயே நம்பரை பெருசா போடாம விட்டாலே பாதிப் பிரச்சனை குறையும்.

பாத்தீங்கன்னா புதுசா எழுதின எந்த வரியும் "யூசர் இதைச் செய்யலாம்"னு மட்டும் நிக்கல. ஒருத்தர் செய்யுறது இன்னொருத்தரை எப்படி தொடுது, எவ்வளவு தொடலாம், எப்ப நிக்கணும்னு பேசுது. எனக்கு தெரிஞ்சு இந்த துறையில புரிஞ்சுக்க வேண்டிய முக்கியமான ஒரே விஷயம் இதுதான்: சாதாரண சிஸ்டத்துல ரிக்வயர்மென்ட் யூசருக்கும் மெஷினுக்கும் நடுவுல இருக்கு, சோஷியல் சிஸ்டத்துல அது ஆளுக்கும் ஆளுக்கும் நடுவுல இருக்கு.

இதை வரைஞ்சு பாக்க ஒரு முறையே இருக்கு. டொரன்டோ பல்கலைக்கழகத்துல எரிக் யூன்றவர் 1995-ல தன்னோட டாக்டர் பட்ட ஆய்வுல ஐ-ஸ்டார்னு ஒரு மாடலிங் முறையை கொண்டுவந்தார். சிஸ்டம் என்ன செய்யுதுன்னு வரையுறதுக்கு முன்னாடி யாரு யாரை எதுக்கு நம்பி இருக்காங்கன்னு வரையச் சொல்லும். ரத்தம் கேக்குறவர் ரத்தத்துக்காக குடுக்குறவரை நம்பி இருக்கார். குடுக்குறவர் தன் நேரம் வீணாகக்கூடாதுன்னு கேக்குறவரை நம்பி இருக்கார், தன் நம்பர் வெளிய போகக்கூடாதுன்னு ஆப் நடத்துறவங்களை நம்பி இருக்கார். ரத்த வங்கியில வேலை பாக்குறவங்க, வர்ற ஆள் தகுதியானவரா இருக்கணும்னு ஆப்பை நம்பி இருக்காங்க. இந்த அம்புக்குறிகளை ஒரு பேப்பர்ல போட்டாலே எங்க ஒருத்தர் நம்பிக்கை உடைஞ்சா எல்லாமே சரியும்னு கண்ணுக்கு தெரிஞ்சிடும். முதல்ல எழுதின மூணு வரியில குடுக்குறவர் பக்கத்துல இருந்து கிளம்புற அம்பு ஒண்ணுகூட இல்ல, அதான் அவங்க கழண்டு போறாங்க.

அடுத்து வர்றது கொஞ்சம் தியரி, ஆனா இதை புரிஞ்சுக்கிட்டா நிறைய விஷயம் தெளிவாகும். பமீலா ஸேவ், மைக்கேல் ஜாக்சன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் (பாடகர் ஜாக்சன் வேற) 1997-ல எழுதினதுல ஒரு பிரிவு சொல்லுவாங்க. ரிக்வயர்மென்ட்ன்றது வெளி உலகத்துல நடக்க வேண்டிய விளைவு. ஸ்பெசிஃபிகேஷன்ன்றது மெஷின் செய்ய வேண்டியது. ரெண்டுக்கும் நடுவுல பாலமா இருக்கிறது உலகத்தைப் பத்தி நாம வச்சிருக்கிற அனுமானம். ரத்த ஆப்ல விளைவு என்ன? நேரத்துக்கு ரத்தம் போய் சேரணும். மெஷின் செய்யுறது என்ன? பத்து செகண்டுக்குள்ள நோட்டிஃபிகேஷன் அனுப்பணும். அனுமானம் என்ன? ஃபோன் சைலன்ட்ல இருக்காது, பாத்தவர் வருவார், வர்றவர் உண்மையிலேயே அந்த ரத்த வகைக்காரர். மெஷின் தன் வேலையை நூத்துக்கு நூறு செஞ்சும், அனுமானம் பொய்யாப் போனா விளைவு கிடைக்காது.

ஜாக்சன் இன்னொண்ணும் சொல்லுவார். மெஷினுக்கு வெளிய இருக்கிற உலகத்துல மோட்டார், வால்வு மாதிரி பொருட்கள் இருக்கு, இதைச் செஞ்சா அது நடக்கும்னு நம்பலாம். மனுஷங்க அப்படி இல்ல, இப்படிச் செய்ங்கன்னு சொல்லலாம், செஞ்சே ஆகணும்னு கட்டாயப்படுத்த முடியாது. லிஃப்ட் கன்ட்ரோல் சாஃப்ட்வேர்ல இந்த ரெண்டாவது வகை ஓரமா வரும், சோஷியல் சிஸ்டத்துலயோ உலகமே அந்த ரெண்டாவது வகைதான். அதுக்கும் மேல, நாம போட்ட விதியைப் பாத்து மனுஷங்க தங்களை மாத்திக்குவாங்க, வால்வு மாத்திக்காது. அதனால இன்னைக்கு உண்மையா இருக்கிற அனுமானம் ஆப் ரிலீஸ் ஆன காரணத்தாலயே ஆறு மாசத்துல பொய்யாகலாம்.

இதுக்கு பளிச்சுன்னு ஒரு உதாரணம் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ. 2008-ல ஆரம்பிச்ச கேள்வி பதில் தளம், நல்ல பதில் போட்டா ரெபுடேஷன் பாயின்ட் ஏறும், பாயின்ட் ஏற ஏற உரிமை கூடும். பல வருஷமா ஆதரவு ஓட்டு போட 15, மத்தவங்க பதிவுல கமென்ட் போட 50, எதிர் ஓட்டுக்கு 125-ன்னு வச்சிருந்தாங்க. இது ரொம்ப யோசிச்சு வச்ச ரிக்வயர்மென்ட், ஏன்னா யார் எவ்வளவு நம்பத்தக்கவங்கன்றதை அட்மின் தீர்மானிக்காம அவங்க செஞ்ச வேலையே தீர்மானிக்குது. ஆனா பக்கவிளைவைப் பாருங்க. புதுசா வந்தவருக்கு ஒரு பதில்ல சின்ன சந்தேகம், கமென்ட் போட 50 பாயின்ட் இல்ல, ஆனா பதில் எழுத பாயின்டே தேவையில்ல, அதனால அவர் தன் சந்தேகத்தை பதில் பெட்டியில எழுதிடுவார். அதை மத்தவங்க "இது பதிலே இல்ல"ன்னு ரிப்போர்ட் பண்ணி நீக்குவாங்க, புதுசா வந்தவர் மனசு உடைஞ்சு போவார். கமென்ட் பெட்டியில குப்பை சேரக்கூடாதுன்னு போட்ட வேலி பதில் பெட்டிக்குள்ள தள்ளிவிட்டுடுச்சு. ஒரு கதவை மூடினா ஆட்கள் வேற எந்தப் பக்கம் போவாங்கன்னும் சேர்த்து எழுதணும், இல்லேன்னா ரிக்வயர்மென்ட் பாதிதான்.

யாரு வேலை செய்யுறா, யாருக்கு லாபம்ன்றது அடுத்த கேள்வி. ஜொனதன் க்ருடின்ற ஆராய்ச்சியாளர் 1988-லயே குழுவா பயன்படுத்துற சாஃப்ட்வேர் ஏன் தோக்குதுன்னு எழுதினப்ப முதல் காரணமா சொன்னது இதைத்தான். ஆஃபீஸ்ல எல்லாரோட காலண்டரையும் பாத்து ஆப்பே மீட்டிங் நேரத்தை கண்டுபிடிக்கும்னு ஒரு ஃபீச்சர். மீட்டிங் வைக்கிற மேனேஜருக்கு சொர்க்கம். ஆனா அது வேலை செய்யணும்னா டீம்ல இருக்கிற ஒவ்வொருத்தரும் தன் காலண்டரை தினமும் ஒழுங்கா நிரப்பி வைக்கணும், அவங்களுக்கு அதுல ஒரு பிரயோஜனமும் இல்ல. நிரப்ப மாட்டாங்க. ஃபீச்சர் செத்துடும். அதுல இருக்கிற வினை என்னன்னா, அந்த ஃபீச்சர் வேணும்னு முடிவெடுத்தவரும் லாபம் அடையுறவரும் ஒரே ஆள், அதனால ரிக்வயர்மென்ட் மீட்டிங்ல எல்லாம் அருமையா தோணும். ஒவ்வொரு ஃபீச்சருக்கும் பக்கத்துல "இதுக்காக யாரு கூடுதல் வேலை செய்யணும், அவங்களுக்கு என்ன கிடைக்கும்"னு எழுதிப் பாருங்க, ரெண்டாவது கட்டம் காலியா இருந்தா அந்த ஃபீச்சரை அப்படியே கட்டாதீங்க.

சரி, யாருகிட்ட போய் கேக்குறது? இதுலதான் பெரிய பெரிய கம்பெனியே சறுக்கியிருக்கு. 2010 பிப்ரவரியில கூகுள், ஜிமெயிலுக்குள்ள பஸ்னு ஒரு சோஷியல் சேவையை திறந்துச்சு. நீங்க யாருக்கு அதிகமா மெயில் அனுப்புறீங்க, யார்கூட அதிகமா சாட் பண்றீங்கன்னு பாத்து அவங்களை தானாவே ஃபாலோ பண்ண வச்சு, அந்த லிஸ்ட்டை ப்ரொஃபைல்ல எல்லாருக்கும் தெரியுற மாதிரி வச்சுட்டாங்க. ஒருத்தர் அதிகமா மெயில் அனுப்புறது டாக்டருக்கா இருக்கலாம், வக்கீலுக்கா இருக்கலாம், ரகசியமா பேசுற ஒரு செய்தியாளருக்கா இருக்கலாம், விட்டு விலகி வந்த பழைய கணவனோட வழக்கு விஷயமா பேச வேண்டி வந்ததா இருக்கலாம். அந்த லிஸ்ட் வெளிய தெரியுறது சிலருக்கு சங்கடம், சிலருக்கு ஆபத்து. ரிலீஸுக்கு முன்னாடி கம்பெனி ஊழியர்கள் மட்டுமே வச்சு டெஸ்ட் பண்ணியிருந்தாங்க. ஒரே கம்பெனிக்குள்ள யாரு யாருக்கு மெயில் அனுப்புறாங்கன்றது பெரிய ரகசியமே இல்ல, அதனால அந்த பிரச்சனை அங்க தலைகாட்ட வழியே இல்ல. சில நாள்லயே தானா ஃபாலோ ஆகுறதை எடுத்தாங்க, 2011-ல எஃப்டிசி-ன்ற அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு அமைப்போட ஒப்பந்தம் போட்டு 20 வருஷத்துக்கு வெளி ஆடிட்டை ஏத்துக்க வேண்டியதாச்சு, அதே வருஷம் பஸ்ஸையும் மூடிட்டாங்க.

இந்த மாதிரி விஷயத்தை யோசிக்க ஹெலன் நிஸ்ஸன்பாம்ன்ற ப்ரைவசி ஆராய்ச்சியாளர் சொன்ன ஒரு கருத்து கைகுடுக்கும். தகவல் வெளிய தெரியுதா தெரியலையான்றது மட்டும் ப்ரைவசி இல்ல, எந்த சூழல்ல எந்த எதிர்பார்ப்போட குடுத்த தகவலோ அந்த சூழலுக்கு ஏத்த மாதிரி அது நகருதான்றதுதான் கேள்வி. டாக்டர்கிட்ட சொன்னது நர்ஸுக்கு போறது சரி, அதே தகவல் ஆஃபீஸ் மேனேஜருக்கு போனா தப்பு. ரிக்வயர்மென்ட் எழுதும்போது "டேட்டா பாதுகாப்பா இருக்கணும்"னு எழுதுறதுக்கு பதிலா, எந்த தகவல், யாருகிட்ட இருந்து யாருக்கு, யாரைப் பத்தி, எந்த நிபந்தனையில போகலாம்னு எழுதினா டெவலப்பருக்கும் புரியும், டெஸ்டருக்கும் புரியும்.

ஆக யாருகிட்ட கேக்கணும்னா, முதல்ல நம்மளை மாதிரி இல்லாதவங்ககிட்ட. அதிகமா பேசுறவங்க கருத்து மட்டும் வந்து குவியும், அதை வச்சே முடிவெடுக்காதீங்க. இணையதளங்களை மக்கள் எப்படி புழங்குறாங்கன்னு ஆராயுற ஜேக்கப் நீல்சன் 2006-ல சொன்ன ஒரு தோராயக் கணக்கு உண்டு, ஆன்லைன் சமூகங்கள்ல 90 சதவீதம் பேர் சும்மா படிக்கிறவங்க, 9 சதவீதம் பேர் எப்பவாவது எழுதுறவங்க, பெரும்பாலான எழுத்து 1 சதவீதம் பேர்கிட்ட இருந்து வருது. எண் இடத்துக்கு இடம் மாறும், ஆனா சாய்வு இப்படித்தான் இருக்கும். அடுத்து, ஆப்பை விட்டுட்டுப் போனவங்ககிட்ட கேளுங்க, இது கஷ்டமான வேலை, ஆனா ஏன் போனாங்கன்றது உள்ள இருக்கிறவங்களுக்கு தெரியாது. மாடரேட்டர்கள்கிட்ட கண்டிப்பா கேளுங்க. தினமும் சண்டையை விலக்கி, அசிங்கத்தை துடைச்சு, ராத்திரி ரெண்டு மணிக்கு ரிப்போர்ட் பாக்குறவங்க அவங்க. எந்த பட்டன் இல்லாததால ஒரு வேலையை கையால நூறு தடவை செய்யுறாங்கன்னு அவங்ககிட்ட ஒரு மணி நேரம் பக்கத்துல உக்காந்து பாத்தாலே ரிக்வயர்மென்ட் கொட்டும். ஆனா பல ப்ராஜெக்ட்ல மாடரேட்டர் ஸ்க்ரீனை கடைசி வாரத்துல ஏனோதானோன்னு கட்டுறாங்க, அது எனக்கு உண்மையிலேயே கோபம் வர வைக்கிற விஷயம்.

கெட்ட எண்ணத்தோட வர்றவங்களையும் ஒரு வகை ஆளா ரிக்வயர்மென்ட்ல எழுதணும். ஒருத்தர் ஆப்பை எப்படி பயன்படுத்துவார்னு படிப்படியா சொல்ற யூஸ் கேஸ் எழுதுற மாதிரியே மிஸ்யூஸ் கேஸ்னு ஒண்ணு உண்டு, இந்த ஃபீச்சரை ஒருத்தர் அடுத்தவரை துன்புறுத்த பயன்படுத்தணும்னா எப்படி பண்ணுவார்னு அவர் பக்கத்துல நின்னு எழுதுறது. 2016 மார்ச்ல மைக்ரோசாஃப்ட் ட்விட்டர்ல டேன்னு ஒரு சாட்பாட்டை விட்டுச்சு, "நான் சொல்றதை திருப்பிச் சொல்லு"ன்னா சொல்லும், பேசுறவங்ககிட்ட இருந்து கத்துக்கும். கூட்டம் சேர்ந்து அதுகிட்ட வெறுப்புப் பேச்சை ஊட்டினாங்க, அது அதையே கக்குச்சு, ஒரு நாள் முழுசா முடியுறதுக்குள்ள நிறுத்திட்டாங்க. திருப்பிச் சொல்றது தனியா பாத்தா ஆபத்தே இல்லாத ஃபீச்சர், யாரு என்ன சொல்லச் சொல்லுவாங்கன்ற வரி பக்கத்துல இருந்திருந்தா அது அப்படியே வெளிய வந்திருக்காது. ப்ளாக், ரிப்போர்ட், மியூட் எல்லாம் முதல் வெர்ஷன்லயே இருக்கணும், "யூசர்ஸ் நிறைய வந்த பிறகு பாத்துக்கலாம்"ன்ற பேச்சே கூடாது, ஏன்னா முதல்ல காயப்பட்டு போறவங்க திரும்ப வர்றதில்ல.

தேவைகள் ஒண்ணுக்கொண்ணு முட்டும்போது என்ன பண்றது? வாட்ஸ்அப் ஃபார்வர்டு கதை நல்ல பாடம். பொய்ச் செய்தி காட்டுத்தீ மாதிரி பரவுறதை குறைக்கணும், அதே சமயம் மெசேஜ் என்க்ரிப்ட் ஆகியிருக்கு, அதாவது அனுப்புறவரும் வாங்குறவரும் மட்டும் படிக்கிற மாதிரி பூட்டியிருக்கு, உள்ள என்ன இருக்குன்னு கம்பெனியே படிக்கக்கூடாது. உள்ளடக்கத்தைப் பாத்து தடுக்க வழி இல்லாததால அவங்க பரவுற வேகத்தை கட்டுப்படுத்தினாங்க. 2018-ல இந்தியாவுல ஒரு தடவைக்கு அஞ்சு சாட்டுக்கு மேல ஃபார்வர்டு பண்ண முடியாதுன்னு கொண்டுவந்து, 2019 ஜனவரியில உலகம் முழுக்க ஆக்கினாங்க. 2020 ஏப்ரல்ல, ஏற்கனவே பல கை மாறி வந்த மெசேஜை ஒரு தடவைக்கு ஒரு சாட்டுக்குத்தான் அனுப்பலாம்னு இறுக்கினாங்க, அதுக்கப்புறம் அந்த வகை ஃபார்வர்டு 70 சதவீதம் குறைஞ்சதா கம்பெனியே சொல்லுச்சு. "சமூகப் பொறுப்போட இருக்கணும்"னு காத்துல எழுதின வரியை எண்ணிப் பாக்கக்கூடிய ஒரு விதியா மாத்தியிருக்காங்க. இதுக்கும் விலை உண்டு, அவசரமான உண்மைச் செய்தியும் அதே வேகத்துலதான் போகும். அந்த விலையை தெரிஞ்சு ஏத்துக்கிட்டோம்னு ரிக்வயர்மென்ட்ல காரணத்தோட எழுதி வைக்கணும், ரெண்டு வருஷம் கழிச்சு வர்றவங்க "இது ஏன் அஞ்சு?"ன்னு கேட்டா பதில் இருக்கணும்.

ப்ளூ டிக்கும் அப்படித்தான். 2014 நவம்பர்ல வந்தப்ப, படிச்சும் பதில் போடலையேன்ற சண்டை வீட்டுக்கு வீடு வந்துச்சு, கொஞ்ச நாள்லயே ஆஃப் பண்ற வசதி குடுத்தாங்க. ஆனா ஆஃப் பண்ணினா மத்தவங்க படிச்சாங்களான்னு உங்களுக்கும் தெரியாது. நீ காட்டலைன்னா உனக்கும் காட்டமாட்டோம். இந்த சின்ன வரி எனக்கு ரொம்ப பிடிச்ச ரிக்வயர்மென்ட்ல ஒண்ணு, ரெண்டு ஆளுக்கு நடுவுல இருக்கிற நியாயத்தை ஒரே விதியில பிடிச்சிருக்கு.

இவ்வளவு யோசிச்சாலும் எல்லாத்தையும் முன்கூட்டியே எழுதிட முடியாது. மார்க் ஆக்கர்மன்ற ஆராய்ச்சியாளர் 2000-ல இதைத்தான் சொன்னார்: மனுஷங்க பழகுற விதம் அவ்வளவு நெளிவு சுளிவு உள்ளது, மெஷின் விதிகள் அவ்வளவு நெகிழாது, இந்த இடைவெளி இருந்துக்கிட்டேதான் இருக்கும், அது இருக்குன்னு ஒத்துக்கிட்டு டிசைன் பண்றதுதான் வேலை. எந்த ஃபோட்டோவை யாருக்கு காட்டலாம்னு நேர்ல நமக்கு யோசிக்கவே வேண்டாம், ஆள் வந்ததும் பேச்சை மாத்துவோம். அதையே செட்டிங் பக்கத்துல டிக் போட்டு சொல்லச் சொன்னா யாராலயும் முழுசா சொல்ல முடியாது.

அதனால ரிலீஸுக்கு அப்புறமும் ரிக்வயர்மென்ட் வேலை ஓடிக்கிட்டே இருக்கும். ட்விட்டர்ல ஹேஷ்டேக் கம்பெனி யோசிச்சது இல்ல, 2007 ஆகஸ்ட்ல கிறிஸ் மெஸ்ஸினான்ற யூசர் இப்படி எழுதலாமேன்னு ஒரு ட்வீட்ல கேட்டார், மக்கள் எடுத்துக்கிட்டாங்க, பிறகுதான் சிஸ்டம் அதை லிங்க்கா மாத்துச்சு. ரீட்வீட்டும் அப்படித்தான், ஆர்டி-ன்னு கையால தட்டி காப்பி பண்ணிக்கிட்டு இருந்தாங்க, 2009 நவம்பர்ல அதுக்கு பட்டன் வந்துச்சு. ஆட்கள் எங்க குறுக்கு வழி கண்டுபிடிச்சு புழங்குறாங்களோ அங்க எழுதப்படாத ரிக்வயர்மென்ட் ஒண்ணு இருக்கு.

நூபீடியான்ற ஆன்லைன் கலைக்களஞ்சியம், விக்கிப்பீடியா ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. 2000-ல நூபீடியா ஆரம்பிச்சப்ப "தரமான கட்டுரை மட்டும் வெளிய வரணும்"னு ஏழு கட்டப் பரிசோதனை வச்சாங்க, மூணு வருஷத்துல முப்பது கட்டுரைகூட முடிவுக்கு வரல. 2001 ஜனவரி 15-ல அதே ஆட்கள் பக்கத்துல விக்கிப்பீடியாவை திறந்தாங்க, ஒரே வருஷத்துல ஏறக்குறைய 20,000 கட்டுரை. தரம் வேணும்ன்ற நோக்கம் ரெண்டுலயும் ஒண்ணுதான். ஆனா விக்கிப்பீடியா, வெளியிடுறதுக்கு முன்னாடி தடுக்குறதை விட்டுட்டு, வெளியிட்ட பிறகு சரிபண்றதை சுலபமாக்குச்சு. ஒவ்வொரு பழைய வெர்ஷனும் பத்திரமா இருக்கும், யார் என்ன மாத்தினாங்கன்னு தெரியும், ஒருத்தர் பத்து நிமிஷம் உக்காந்து கெடுத்ததை இன்னொருத்தர் ஒரே க்ளிக்ல பழையபடி ஆக்கலாம். கெடுக்குறதை விட சரிபண்றது சுலபமா இருக்கணும்ன்றது ஒரு சோஷியல் ரிக்வயர்மென்ட், அதுக்காக வந்த ஃபங்ஷனல் ரிக்வயர்மென்ட்தான் ஹிஸ்டரி பக்கமும் ரிவர்ட் பட்டனும்.

நீங்க இப்ப ஒரு ப்ராஜெக்ட் கையில வச்சிருந்தா இப்படி ஆரம்பிங்க. டாக்குமென்ட்ல "யூசர்"னு எழுதியிருக்கிற இடத்தையெல்லாம் தேடி எடுத்து, அது செய்யுறவரா, பாக்குறவரா, பேசப்படுறவரா, சேர்க்கப்படுறவரா, ஆப்ல கணக்கே இல்லாதவரான்னு பிரிச்சு எழுதுங்க. ஒவ்வொரு வரியையும் பத்து பேர் இருந்தா, பத்தாயிரம் பேர் இருந்தான்னு ரெண்டு தடவை படிங்க. நோட்டிஃபிகேஷன் போற எந்த வரியா இருந்தாலும் அது எப்ப நிக்கும்னு எழுதுங்க. அப்புறம் ஒவ்வொரு ரிக்வயர்மென்டுக்கும் கீழ அதுக்கு பின்னாடி இருக்கிற அனுமானத்தை ஒரு வரியில போட்டு, அது பொய்யாப் போச்சுன்னு நமக்கு எந்த கணக்கைப் பாத்தா தெரியும்னும் எழுதி வைங்க. ரத்த ஆப்ல அந்தக் கணக்கு எத்தனை பேர் பதிவு பண்ணியிருக்காங்கன்றது இல்ல, ஒரு தடவை குடுத்தவர் ரெண்டாவது தடவை கூப்பிட்டப்ப வந்தாரான்றது.